மயிலுக்குப் பின்னால் என் பெயர்

முதலில் எனக்குத் துரோகம் செய்தவன் வியாகப்பன். பொறுங்கள் தம்பி, பென்சிலைக் கீழே வையுங்கள். அந்தப் பெயரைக் கல்லில் வெட்டச் சொல்லி நான் வரவில்லை. அவன் பெயர் ஏற்கெனவே ஒரு கல்லில் இருக்கிறது. விவகாரமே அதுதான்.

நான் வந்தது என் வீட்டுக்காரியின் கல்லறைக்குக் கல் சொல்ல. மிக்கேலம்மாள். வருகிற பதினேழாம் தேதி வந்தால் அவள் போய் இரண்டு வருடம். என் பெயர் இஞ்ஞாசிமுத்து. ஊர் கருங்கள்ளிவிளை. கொத்தனார். இப்போது வேலைக்குப் போவதில்லை, முழங்கால் சாரத்தில் ஏற விடமாட்டேன் என்கிறது. படிப்பு ஐந்தாம் வகுப்பு, அதுவும் பாதி. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பேன். அதனால் நீங்கள் தாளில் எழுதுவதை எனக்கு ஒரு தடவை வாசித்துக் காட்ட வேண்டும். அப்புறம் அந்தத் தாளை டீக்கடைக்குக் கொண்டுபோய் வேறொருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுவேன். உங்களை நம்பவில்லை என்று இல்லை. நான் யாரையுமே நம்புவதில்லை, அவ்வளவுதான். கல்லில் ஏறிய எழுத்தை அப்புறம் இறக்க முடியாது. அதை என்னைவிட அனுபவித்தவன் கிடையாது.

என்ன எழுத வேண்டும் என்றுதானே கேட்கிறீர்கள்? சொல்லுகிறேன். ஏன் அப்படி எழுத வேண்டும் என்று தெரியாமல் வெட்டினால் உங்கள் கை இடறும். டீ சொல்லுங்கள். எனக்குச் சீனி வேண்டாம்.

எங்கள் ஊர் மாதா கெபியைப் பார்த்திருக்கிறீர்களா? பஸ்ஸில் போனாலே தெரியும். மலைக்குகை மாதிரி இருக்கும், உள்ளே மாதா நிற்பாள். பார்க்கிறவர்கள் பாறை என்றுதான் சொல்வார்கள். பாறை இல்லை தம்பி. செங்கல், உடைகல், கம்பி, சிமெண்ட். கலவையை வாரி அடித்து, ஈரம் வற்றுமுன் மடிப்பு மடிப்பாகக் கையாலேயே இழுத்தது. இந்தக் கைதான். முப்பத்திரண்டு வருடம் ஆகிறது, ஒரு விரிசல் கிடையாது.

அப்போது வியாகப்பன் கோயில் தர்மகர்த்தா. செங்கல் சூளை வைத்திருந்தான். காலையில் ஒரு தடவை குடையோடு வருவான். "என்ன வே இஞ்ஞாசி, மாதா மழையில நனைஞ்சிர மாட்டாள்லா?" என்பான். போய்விடுவான். அவன் வேட்டியில் ஒரு சொட்டுக் கலவை பட்டதில்லை. கெபியைத் திறந்துவைக்கிற மந்திரிப்பு அன்றைக்கு ஆயர் வந்து திரையை விலக்குகிறார், அடியில் ஒரு கல். 'இந்தக் கெபியைக் கட்டியவர் ம. வியாகப்பன்.' நான் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் எல்லோரும் கைதட்டி முடித்துவிட்டார்கள்.

அவனிடமே போய்க் கேட்டேன். "கட்டுனது நான்லா?"

சிரித்தான். "நீ கட்டுன, சரி. கட்ட வச்சது யாரு? அதையெல்லாம் விவரமா எழுத கல்லுல இடம் கிடையாதுடே."

இது மட்டும் இல்லை. மரவேலை செய்த ஆசாரி, கதவுச் சட்டத்தின் உள்பக்கம் தன் பெயரில் இரண்டு எழுத்து வெட்டியிருந்தார். வியாகப்பன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடிக் கண்டுபிடித்து, இழைப்புளியை வாங்கித் தானே சீவி எடுத்தான். கம்பிக் கதவில் வெல்டிங்காரன் பெயர் இருந்தது. அதையும் அரத்தால் ராவினான். 'மாதா சந்நிதியில கண்டவன் பேரும் இருக்கக் கூடாது' என்று மந்திரிப்புக்கு முந்தைய வாரம் முழுக்க உளியும் கையுமாகத்தான் திரிந்தான். அவன் கண்ணுக்குத் தப்பிய பெயர் ஒன்றே ஒன்றுதான்.

என் பெயர். குகையின் உள்சுவரில், மாதா சுரூபம் நிற்கப்போகிற இடத்துக்கு நேர் பின்னால், ஈரப்பூச்சில் ஆணியால் கீறிவைத்தேன். இஞ்ஞாசி. நாலு எழுத்து. அன்றைக்கே எனக்குக் காய்ச்சல் வந்து விழுந்தேன். ஒரு வாரம் கழித்து எழுந்து போகிறேன், சுரூபத்தை ஏற்றி நிறுத்திவிட்டார்கள். சுவருக்கும் சுரூபத்துக்கும் நடுவே ஒரு கை நுழையாது. சரி, இனி எவனாலும் அழிக்க முடியாது என்று நினைத்தேன்.

அப்போது என் வீட்டுக்காரி சொன்னாள், "நீங்க படுத்துக் கிடந்தப்ப அங்கன பின்னால ஒரு மயில் வச்சிருக்கேன்."

மயில் என்றால், சில்லு மயில். அதைச் சொல்ல விட்டுவிட்டேனே. அவள்தான் எனக்குச் சித்தாள். கல்யாணமான நாளிலிருந்து நான் போன வேலைக்கெல்லாம் கூடவே வருவாள். கெபி முகப்பில் பூ, கொடி, நட்சத்திரம், மீன் எல்லாம் உடைந்த பீங்கான் சில்லால் ஒட்டியிருக்கும். வாடகைப் பாத்திரக் கடைகளில் போய் உடைந்த தட்டு, கோப்பை எல்லாம் கேட்டு வாங்கி, கோணியில் சுமந்து வந்து, நிறம் நிறமாகப் பிரித்து, இடுக்கியால் கடித்துக் கடித்து ஒட்டுவாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் தம்பி, கட்டுமானம் என்றால் சுவர் நிற்பது. சில்லு ஒட்டுவது அதில் சேராது. கெபிக்கு வருகிறவர்கள் சில்லைத்தான் தடவித் தடவிப் பார்ப்பார்கள், அது வேறு விஷயம்.

"ஏட்டி, மாதா முதுகுக்குப் பின்னால மயில எவன் பாக்கப் போறான்?" என்றேன்.

"யாரும் பாக்காண்டாம். அங்கன இருந்தா பத்திரமா இருக்கும்" என்றாள்.

கிறுக்கி என்று விட்டுவிட்டேன். என் பெயருக்கு அந்தப் பக்கமோ இந்தப் பக்கமோ வைத்திருப்பாள் என்று நினைத்தேன். பிறகு வருடா வருடம் திருவிழாவுக்கு ஊரே மெழுகுவர்த்தி கொளுத்தும்போது நானும் கொளுத்துவேன். எல்லோரும் மாதாவைக் கும்பிடுவார்கள். நான் மாதாவுக்குப் பின்னால் இருக்கிற நாலு எழுத்தை நினைத்துக்கொள்வேன். முப்பது வருடம் அப்படி ஓடியது.

அவள் செத்தாள். அடக்கப் பூசையில் பங்குச்சாமியார் பிரசங்கம் வைக்கிறார். "வியாகப்பன் ஐயா கட்டிய கெபியில், தினமும் விளக்கேற்றிய நம் அம்மா." பெட்டியில் அவள் கிடக்கிறாள். பக்கத்தில் நான் நிற்கிறேன். வியாகப்பன் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொள்கிறான், ரொம்பப் பணிவாம். அன்றைக்குக் கோயிலை விட்டு வெளியே வந்தவன்தான் நான். அப்புறம் உள்ளே போகவில்லை.

ஆனால் தம்பி, அறுபது வருடம் கும்பிட்டுப் பழகிய கை சும்மா இருக்காது. யாரைக் கும்பிடுவது? அது ஒரு அரிப்பு.

அப்போதுதான் ஸ்தனிஸ்லாஸ் சாரைப் பார்த்தேன். முதியோர் பென்ஷனுக்கு ஜெராக்ஸ் எடுக்க இதே வள்ளியூருக்கு வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற கடையில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றுகொண்டு கத்தை கத்தையாக நகல் எடுக்கிறார். டெலிபோன் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சுக் கொடுத்தார். என் கழுத்தில் ஜெபமாலையைப் பார்த்துவிட்டு, எந்தப் பங்கு, கோயிலுக்குப் போகிறீர்களா என்று கேட்டார்.

"போறதில்ல. கட்டுனவன் பேரத் தப்பா எழுதிருக்கானுவ" என்றேன்.

அந்த மனிதர் கையிலிருந்த கத்தையைக் கீழே வைத்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கடைக்காரன் மெஷினை நிறுத்திவிட்டான். "அண்ணாச்சி, எங்க கூட்டத்துல எல்லாரும் அதைத்தான் சொல்லுதோம். சனிக்கிழமை மூணு மணிக்கு இந்தக் கடை மாடிக்கு வாங்க."

போனேன். ஆனால் கண்ணைத் திறந்துகொண்டுதான் போனேன். ஏன் மூன்று மணி? ஊர் தூங்குகிற நேரம். ஏன் ஜன்னலை அடைத்திருக்கிறார்கள்? பஸ் ஸ்டாண்டு தூசி என்றார்கள். நான் நம்பவில்லை. ஸ்தனிஸ்லாஸ் சார், ஒரு தையல்காரர், ஒரு காலேஜ் பையன், பிலோமினா என்று ஓய்வு பெற்ற நர்ஸம்மா. நாலே பேர். உண்டியல் கிடையாது. காணிக்கைத் தட்டு கிடையாது. டீயும் ரஸ்க்கும் அவர்களே கொடுக்கிறார்கள். அதுதான் எனக்கு ரொம்பச் சந்தேகம். எதுவும் கேட்காதவன் எதற்கோ அடிபோடுகிறான் என்றுதான் அர்த்தம். முதல் நாள் நான் ரஸ்க்கைத் தொடவில்லை.

அவர்கள் வாசிப்பது பழைய ஏடுகளாம். எகிப்து தேசத்தில் உரத்துக்கு மண் தோண்டப் போனவன் ஒரு சாடியைக் கண்டெடுத்தானாம், அதற்குள் இருந்ததாம். ஆதிக் கிறிஸ்தவர்களில் ஒரு சாரார், நாஸ்டிக் என்று ஏதோ சொன்னார், எனக்கு வாயில் நுழையாது. மறைஞானம் தேடினவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயில் அவர்களை ஒதுக்கிவிட்டது, அவர்கள் ஏடுகளைப் புதைத்துவிட்டார்கள். ஆயிரத்தறுநூறு வருடம் மண்ணுக்குள் கிடந்து வந்தது என்றார். அதை நான் நம்பினேன். மண்ணுக்குள் போன பொருள் கெடாது, காற்றுப் பட்டால்தான் கெடும்.

அப்புறம் சார் சொன்னார். இந்த உலகத்தைச் செய்தவன் உண்மையான கடவுள் இல்லை. அவன் ஒரு சின்ன ஆள். கீழே இருக்கிறவன். மேலே ஒருவர் இருக்கிறார், அவரை இவனுக்குத் தெரியாது. தெரியாமல், தானே எல்லாம் என்று நினைத்து, மார்தட்டிக் கத்துகிறான், என்னைத் தவிர வேறு எவனும் இல்லை என்று.

நான் எழுந்து நின்றுவிட்டேன். "ஆமா! அவன எனக்குத் தெரியும்!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். காலேஜ் பையனுக்கு மூச்சே நின்றுவிட்டது. ஸ்தனிஸ்லாஸ் சார் மெதுவாகக் கேட்டார், "யாரு அண்ணாச்சி?"

"வியாகப்பன்."

சிரித்தார்கள். சிரிக்கட்டும். நான் சொன்னதில் என்ன தப்பு? அன்றைக்கு இரண்டு ரஸ்க் தின்றேன். அறுபது வருடமாக யாரும் எனக்குப் புரிகிற மாதிரி வேதம் சொன்னதில்லை தம்பி. பாவம் செய்தாய், மன்னிப்புக் கேள் என்றுதான் சொன்னார்கள். தப்பு மேலேயே ஆரம்பித்துவிட்டது, அஸ்திவாரத்திலேயே கோணல், கல்லில் எழுதியிருக்கிற பெயரே பொய் என்று எவன் சொன்னான்? எனக்கு எத்தனை விஷயம் விளங்கியது. மழை ஏன் வேண்டாத நேரத்தில் வருகிறது, எனக்கு ஏன் பிள்ளை இல்லை, நல்லவளுக்கு ஏன் வயிற்றில் கட்டி வருகிறது. வேலை தெரியாத மேஸ்திரி கட்டிய வீடு இது. ஒழுகத்தான் செய்யும்.

ஆனாலும் என் சந்தேகம் போகவில்லை. சாகும்போது ஆத்துமா மேலே ஏறுமாம். ஏழு வாசல். ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவல்காரன், செக்போஸ்ட் மாதிரி. கேள்வி கேட்பானாம். சரியான பதில் சொன்னால்தான் விடுவானாம்.

"பதில் என்ன சார்?" என்றேன்.

"அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது அண்ணாச்சி. நீங்களேதான் அறியணும்."

பார்த்தீர்களா? நாலு வாரம் ஓயாமல் கேட்டேன். தையல்காரரைத் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். "எனக்கும் தெரியாது மச்சான்" என்கிறார். தெரியாதவர் எதற்கு எட்டு வருடமாக வருகிறார்? எனக்குத்தான் ஒளிக்கிறார்கள். படிப்பில்லாதவன் வாசலிலேயே நிற்கட்டும் என்று ஒரு எண்ணம்.

இன்னொன்றும் சொன்னார்கள். அந்தப் பொய்யான மேஸ்திரிக்கு ஒரு தாய் உண்டாம். ஞானம் என்று பெயர். அவள்தான் அவனுக்கே தெரியாமல் அவன் செய்த மண்பொம்மைக்குள் கொஞ்சம் வெளிச்சத்தை ஒளித்து வைத்தாளாம். அவன் கையில் அகப்பட்டால் அழித்துவிடுவான் என்று ஒளித்தாளாம். அந்த வெளிச்சம்தான் நமக்குள் இருக்கிறதாம். அவள் தன்னைக் காட்டிக்கொள்ளவே இல்லை.

பிலோமினா நர்ஸம்மா அப்போது என் பக்கம் திரும்பி, "அண்ணாச்சி, உங்க கதையில அந்த அம்மா யாரு?" என்று கேட்டாள்.

யோசித்தேன். வியாகப்பனுக்கு மேலே யார்? "ஆயர்தான்" என்றேன்.

அவள் ரஸ்க்கை டீயில் முக்கினாள். நனைந்து உடைந்து விழுந்தும் அவள் எடுக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அப்போதே ஒரு மாதிரி இருந்தது. இவள் எந்த ஊர், யார் வகை என்று விசாரித்தேன். வியாகப்பன் மச்சினியும் இவளும் ஒரே ஊராம். சும்மா சொல்லவில்லை, விசாரித்துத்தான் சொல்கிறேன்.

மேலே இருக்கிறவரைப் பற்றியும் கேட்டேன். "சார், அவரு பேரு எங்கயாவது எழுதியிருக்கா?"

"அவருக்குப் பேரே கிடையாது."

"அவரு ஏன் கீழ வந்து, கட்டுனது நாந்தான்னு ஒரு வார்த்தை சொல்லல?"

"சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை."

இது எனக்கு இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை தம்பி. பெயரும் போடாமல், பாராட்டும் கேட்காமல், இருட்டுக்குள் ஒன்றைச் செய்து வைத்துவிட்டு ஒருத்தர் சும்மா இருப்பாரா? அப்படி ஒருத்தரை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் பிப்ரவரியில் புதுச் சாமியார் வந்தார். கெபிக்கு உள்சுவரில் கிரானைட் ஒட்டப் போகிறோம், சுரூபத்தை இறக்கி வண்ணம் அடிக்கப் போகிறோம் என்று அறிவிப்பு. எனக்குத் தகவல் வந்தது. சுரூபத்தை இறக்கினால்? பின்னால் என் பெயர்! முப்பத்திரண்டு வருடம் இருட்டுக்குள் கிடந்த வெளிச்சம்! சார் சொன்னது வேறென்ன? நேராக மாடிக்கு ஓடினேன். "நாலு பேரும் வரணும். சாட்சி வேணும்" என்றேன். ஸ்தனிஸ்லாஸ் சார் தயங்கினார். "அண்ணாச்சி, நாங்க சொல்லுத வெளிச்சம் வேற" என்றார். வேறு எது? ஒளித்து வைத்தது வெளியே வருகிறது, அதுதானே? காலேஜ் பையனுக்குப் பரீட்சை. மற்ற மூன்று பேரும் வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை. ஊரே கூடி நிற்கிறது. வியாகப்பன் கைத்தடியோடு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறான். தன் கல்லுக்குப் பக்கத்திலேயே. கயிறு கட்டிச் சுரூபத்தைத் தூக்குகிறார்கள். இறக்கியாயிற்று. எல்லோரும் ஒரு சேர "அம்மாடி!" என்றார்கள்.

மயில்.

அதை நானும் அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன் தம்பி. சுரூபம் மறைத்திருந்த அகலம் முழுக்கத் தோகை. கல்யாண வீட்டுத் தட்டுகளில் ஓரத்தில் நீலக்கோடு இருக்குமே, அந்தக் கோடுகளை மட்டும் கடித்துக் கடித்து எடுத்துக் கழுத்துக்கு வைத்திருக்கிறாள். தோகைக்குப் பச்சை. ஒவ்வொரு கண்ணுக்கும் நடுவில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மஞ்சள் சில்லு. தூசி இல்லை, பாசி இல்லை, நேற்று வைத்த மாதிரி நிற்கிறது. காய்ச்சலில் கிடந்த புருஷனுக்குக் கஞ்சியும் வைத்துக் கொடுத்துவிட்டு ஒரு வாரத்தில் இதை எப்படி முடித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. பிலோமினா அழுதுவிட்டாள்.

நான் பார்த்தது வேறு. பெயர் இல்லை. மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், ஓரத்தில் பார்த்தேன். என் நாலு எழுத்து இல்லை.

"எங்கடா என் பேரு?" என்று வியாகப்பன் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றேன்.

"என்ன பேரு?"

"நான் சுவத்துல கீறுன பேரு. நீதானே செதுக்கி எடுத்த?"

அவனுக்குக் காது மந்தம். இரண்டு தடவை கத்தினேன். அப்புறம் சொன்னான், "நான் எங்கடே எடுத்தேன்? உளியோட உள்ள ஏறுனேன், உண்மை. உம் பெண்டாட்டி வாசல்ல கலவைச் சட்டியோட மறிச்சு நின்னா. 'உள்ள பேரு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி, மயிலுதான் இருக்கு, காயல, தொடாதீங்க'ன்னா. பாத்தேன், மயிலுதான் இருந்துச்சு. இறங்கிட்டேன்."

கேட்டீர்களா தம்பி? அவளும் அவனும் பேசியிருக்கிறார்கள்! முப்பது வருடம் என்னோடு ஒரே பாயில் படுத்தவள், என்னிடம் இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'பேரு ஒண்ணும் இல்ல'! அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நாலு எழுத்து என்றாலும் அது புருஷன் பெயர் என்று தெரியாமலா இருக்கும்?

அப்போதுதான் புரிந்தது. பெயர் எங்கேயும் போகவில்லை. மயிலுக்கு அடியில் இருக்கிறது. என் பெயரின் மேல் கலவையைப் பூசி மயிலை ஒட்டியிருக்கிறாள்.

பக்கத்தில் வேலைக்காரனிடம் உளியும் சுத்தியலும் இருந்தது. வாங்கினேன். சாமியார் "தாத்தா, வேண்டாம்" என்று கத்தினார். "நான் இதை அப்படியே வைக்கலாம்னு நினைக்கிறேன், செஞ்சவங்க பேரையும் போட்டு" என்று ஏதோ சொன்னார். யாருக்கு நேரம்? கழுத்துக்கு நேர் கீழே வைத்து நாலு அடி. முழங்கால் வலி கூடத் தெரியவில்லை. நல்ல கலவை தம்பி, லேசில் விடவில்லை. ஐந்தாவது அடியில் பாளம் பாளமாகப் பெயர்ந்து வந்தது. ஒரு பெரிய பாளம், மயிலின் நெஞ்சு, முன்பக்கம் கீழே கவிழ்ந்து விழுகிறது. விழும்போது அதன் பின்பக்கம் எனக்குத் தெரிந்தது. நான் கீறின பள்ளத்தில் அவள் கலவை இறங்கி இறுகியிருக்கிறது. என் பெயர். இடம்வலம் மாறி, புடைத்துக்கொண்டு, நாலு எழுத்தும் துல்லியமாக. கண் இமைக்கிற நேரம்தான். தரையில் மோதி, நூறு துண்டு.

சுவரிலாவது கீறல் இருக்குமே என்பீர்கள். உளி பட்ட இடத்தில் சுவரும் சேர்ந்து வந்துவிட்டது. அடித்தது நான்தான். அவசரத்தில் அடித்தது.

"பாத்தீங்களா சார்? பாத்தீங்களா?" என்று திரும்பினேன்.

ஸ்தனிஸ்லாஸ் சார் முகம் வெளுத்திருந்தது. "மயிலைப் பார்த்தோம் அண்ணாச்சி" என்றார்.

இதற்கா சாட்சி கூட்டிக்கொண்டு போனேன்? ஊர்ப் பெண்கள் என்னைத் தள்ளிவிட்டு, குனிந்து சில்லைப் பொறுக்குகிறார்கள். முந்தானையில் கட்டிக்கொண்டு போகிறார்கள். வியாகப்பன் கைத்தடியை ஊன்றி எழுந்து, "கிறுக்குப் பய" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறான். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. நடிப்பு.

பஸ்ஸுக்கு நிற்கும்போது பிலோமினா கேட்டாள், "அண்ணாச்சி, அவங்க உங்க பேர மறைச்சது யாருகிட்ட இருந்துன்னு உங்களுக்குத் தோணவே இல்லையா?"

"அவன் மச்சினி ஊர்க்காரிதானே நீ? நீ இப்படித்தான் பேசுவ" என்றேன். அதோடு அந்த மாடிக்கும் போவதில்லை. இப்போது எனக்குக் கோயிலும் இல்லை, மாடியும் இல்லை. வாசல் ஏழுக்கும் பதில் தெரியாமலேயே போகப் போகிறேன். தெரிந்தவர்கள் சொல்லவில்லை. வீட்டுக்குள் இருந்தவளே சொல்லவில்லை, அப்புறம் யாரைக் குறை சொல்ல.

கெபியில் கிரானைட் ஒட்டியாயிற்று. அந்தக் கல்லை மட்டும் பத்திரமாகப் பெயர்த்து, கழுவி, பொன்னெழுத்துப் பூசி, திரும்ப வைத்திருக்கிறார்கள். 'கட்டியவர் ம. வியாகப்பன்.'

இப்போது எழுதிக்கொள்ளுங்கள். 'கருங்கள்ளிவிளை மாதா கெபியைத் தன் கையால் கட்டிய கொத்தனார் சூ. இஞ்ஞாசிமுத்துவின் மனைவி.' எழுதியாயிற்றா? அதற்குக் கீழே அவள் பெயர். அதற்குக் கீழே பிறப்பு, இறப்பு.

என்ன தம்பி? கல்லில் இடம் பற்றாதா? இதையேதான் வியாகப்பனும் சொன்னான். உங்களுக்கு அவன் என்ன வேண்டும்? சும்மா கேட்டேன், கோபப்படாதீர்கள். பெரிய கல் கல்லறையில் உட்காராது, எனக்கே தெரியும், அளவெடுத்தவன் நான். அப்படியானால் பிறந்த தேதியை எடுத்துவிடுங்கள், அது எங்களுக்கே சரியாகத் தெரியாது. இன்னும் பற்றாதா? அப்படியானால் அவள் பெயரைச் சின்னதாக்குங்கள். ஓரத்தில் எங்கேயாவது. யார் கல்லறை என்று ஊருக்கே தெரியும், எழுதித்தான் தெரிய வேண்டும் என்று இல்லை. முதல் வரியில் மட்டும் ஒரு எழுத்தும் குறையக் கூடாது.

அப்புறம் இதைக் கல்லில் பதிக்க வேண்டும். பார்த்துப் பிடியுங்கள், ஓரம் கையைக் கிழிக்கும். அன்றைக்குப் பெண்கள் பொறுக்குவதற்கு முன்னால் எனக்குக் கிடைத்தது இந்த ஒரு துண்டுதான். கழுத்து நீலம். பின்னால் திருப்புங்கள். ஒட்டியிருக்கிற கலவையில் புடைப்பாகத் தெரிகிறதா? 'இ'. தலைகீழாக இல்லை, இடம்வலம் மாறியிருக்கிறது. கண்ணாடியில் காட்டினால் சரியாகத் தெரியும்.

நீலப் பக்கம் ஏன் இவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது என்றா கேட்கிறீர்கள்? சட்டைப் பையில் கிடக்கிறது, விரல் சும்மா இருக்குமா.

இல்லை, இல்லை. நீலம் வெளியே தெரிய வேண்டாம். அது உள்ளே போகட்டும். எழுத்துப் பக்கம் வெளியே இருக்கட்டும். வாசிக்க வேண்டும் என்கிறவன் கண்ணாடி கொண்டு வரட்டும். வியாகப்பன் இன்னும் உயிரோடுதான் இருக்கிறான், ஞாயிறு பூசைக்குக் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டித்தான் போகிறான். நின்று பார்க்கட்டும். பார்த்துவிட்டு என் வீட்டு வாசலுக்கு வந்து, கட்டினது நீதான் என்று ஒரு தடவை சொல்லட்டும். அந்த ஒரு வார்த்தை எனக்கு இன்னும் வர வேண்டியிருக்கிறது.